ஓகரும் எட்டு கோப்ளின்களும்

டேபிள்டாப் ஃபேன்டஸி ஆட்டங்களுக்கு, அதாவது நண்பர்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு கேரக்டராகப் பகடை உருட்டி ஆடும் கதை ஆட்டங்களுக்கு, அரக்கர்களைக் கணக்குப் போட்டுக் கொடுப்பது என் வேலை. பெயரும் தோற்றமும் கதையும் எழுதுபவர் வேறொருவர். அவர் முடித்ததும் கோப்பு என்னிடம் வரும். எத்தனை ஹிட் பாயிண்ட் (உயிரின் அளவு), ஆர்மர் கிளாஸ் (அடி படத் தாக்குபவர் எட்ட வேண்டிய எண்) எவ்வளவு, ஓர் அடி பட்டால் என்ன சேதம், எந்த லெவல் கேரக்டர்கள் இதன் முன்னால் நிற்கலாம் என்பதையெல்லாம் நான் தீர்மானித்து, ஆட வைத்துப் பார்த்து, அச்சுக்கு அனுப்ப வேண்டும். கடைசியில் ஸ்டாட் பிளாக் எனும் எண் பட்டியலில் ‘இதன் கடினம் இவ்வளவு’ என்று ஓர் எண் ஏறும். அந்த எண்ணை நம்பித்தான், நான் ஒருநாளும் பார்க்கப்போகாத ஒரு மேஜையில், ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டர் ஒருவர் அந்த அரக்கனை வெளியே விடுவார். வாரம் முழுக்க உழைத்துவிட்டு நண்பர்களுக்காக நேரம் ஒதுக்கியவர் அவர். அவரிடம் அந்த எண் பொய் சொல்லக் கூடாது என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு.

எண் பொய் சொல்லுமா என்றால், சொல்லும். 2014ல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பையே எடுத்துக்கொள்வோம். அதில் ஓகர் என்ற தடித்த ராட்சதனுக்கு 59 ஹிட் பாயிண்ட். கோப்ளின் என்ற குட்டிப் பிசாசு ஒன்றுக்கு 7. எட்டுப் பேர் சேர்ந்தால் 56. வீழ்த்தினால் கிடைக்கும் எக்ஸ்பீரியன்ஸ் பாயிண்டும் கிட்டத்தட்ட சமம்தான், ஓகருக்கு 450, எட்டு கோப்ளின்களுக்கு 400. தாளில் பார்த்தால் இரண்டும் ஒரே எடை என்றுதான் தோன்றும்.

இப்போது எதிரில் ஆர்மர் கிளாஸ் 15 உள்ள ஒரு வீரனை நிறுத்துங்கள். ஓகருக்குத் தாக்குதல் +6, அதாவது பகடை எண்ணோடு 6 கூட்டலாம். இருபது முகப் பகடையில் 9 விழுந்தாலே அடி படும், அதாவது 60 சதவீத வாய்ப்பு. பட்டால் சராசரி 13. ஆக ஒரு ரவுண்டுக்கு, அதாவது எல்லாருக்கும் ஒரு முறை வந்து போகும் சுற்றுக்கு, சுமார் 8. கோப்ளினுக்கு +4, அதற்கு 11 விழ வேண்டும், பாதி வாய்ப்பு. பட்டால் சராசரி ஐந்தரை. ஒரு கோப்ளினிடமிருந்து ரவுண்டுக்கு வருவது மூன்றுக்கும் குறைவுதான். ஆனால் எட்டுப் பேரும் ஒன்றாக வில்லெடுத்தால் ரவுண்டுக்கு 22.

சண்டை நகர நகரக் கோப்ளின்கள் குறைவார்களே, ஓகர் கடைசி மூச்சுவரை முழு பலத்தோடு அடிக்குமே என்று கேட்கலாம். அதையும் கணக்கில் சேர்ப்போம். கோப்ளின்கள் முந்திக்கொள்கிறார்கள், ரவுண்டுக்கு இரண்டு பேர் விழுகிறார்கள் என்று வைத்தால் எட்டு, ஆறு, நான்கு, இரண்டு என நான்கு ரவுண்டில் சண்டை முடியும். அதற்குள் வந்து சேரும் சேதம் 55. அதே நான்கு ரவுண்டு ஓகர் தாக்குப்பிடித்தால் அது கொடுப்பது 31.

தூரத்திலிருந்து சுட்டுக்கொள்ளும் படைகளின் பலம் ஆள் எண்ணிக்கையின் வர்க்கத்தோடு கூடும் என்று ஃபிரெடெரிக் லான்செஸ்டர் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1916ல் வெளியான தன் நூலில் காட்டினார். அவர் யோசித்தது விமானப் போர் பற்றி. இந்த மேஜை ஆட்டத்திலும் வேலை செய்வது அதே கணக்குதான். ஒரு ரவுண்டில் எந்தப் பக்கத்துக்கு எத்தனை முறை கை ஓங்கக் கிடைக்கிறது என்பதை நாங்கள் ஆக்‌ஷன் எகானமி என்போம். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் முதலில் போட்டுக் காட்டுவது மேலே சொன்ன ஓகர் கணக்கைத்தான்.

2014 விதிகளில் இதற்கு ஒரு பெருக்கல் இருந்தது. எதிரிகள் ஏழிலிருந்து பத்துப் பேர் என்றால் எக்ஸ்பீரியன்ஸ் பாயிண்டை இரண்டரையால் பெருக்கிப் பார்க்க வேண்டும். 400 என்பது 1000 ஆகும். மூன்றாம் லெவலில் நான்கு கேரக்டர்கள் இருந்தால் 450 என்பது ‘எளிது’, 1000 என்பது ‘கடினம்’. இப்போது எண் உண்மை பேசுகிறது. 2024ல் வந்த திருத்திய வழிகாட்டியில் இந்தப் பெருக்கலை எடுத்துவிட்டார்கள். கணக்கு சுலபமானது உண்மை. ஆனாலும் எனக்கு அதில் வருத்தம்தான். அந்தப் பெருக்கலைப் போட்டுப் பழகிய கேம் மாஸ்டருக்குக் கூட்டம் என்றால் என்ன என்பது கையோடு புரிந்துவிடும். இப்போது அவர் கண்ணளவாகவே பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இதே எட்டு கோப்ளின்களை ஐந்தாம் லெவல் கேரக்டர்களுக்கு முன்னால் விட்டால் கதையே வேறு. மந்திரவாதிக்குக் கூட்டத்தையே சுடும் நெருப்பு மந்திரமான ஃபயர்பால் வந்திருக்கும். சராசரி 28 சேதம். சேவிங் த்ரோ எனும் தற்காப்புப் பகடையில் தப்பினாலும் 14. நெருக்கமாக நின்றால் எட்டுப் பேரும் ஒரே மூச்சில் காலி. ஓகருக்கு அது பாதி உயிர்கூட இல்லை. ஆக, கடினம் என்பது அரக்கனுக்குள் மட்டும் உட்கார்ந்திருக்கிற குணம் அல்ல. எதிரில் நிற்பவர் கையில் என்ன இருக்கிறது என்பதைச் சேர்த்துப் பார்த்தால்தான் எண்ணுக்கே பொருள் வரும்.

எனக்குச் சராசரியைவிடப் பயமூட்டுவது சிதறல். முதல் லெவல் மந்திரவாதிக்கு 8 ஹிட் பாயிண்ட் என்று வையுங்கள். ஓகரின் அடி இரண்டு எட்டு முகப் பகடையும் அதன் மேல் 4ம். குறைந்தது 6, அதிகபட்சம் 20. உயிர் பூஜ்யமான பிறகும் மிஞ்சுகிற சேதம் முழு ஹிட் பாயிண்டுக்குச் சமமாக இருந்தால், மயக்கமெல்லாம் இல்லை, நேரே சாவுதான். அதாவது 16 வந்தால் போதும். பகடையின் 64 சேர்க்கைகளில் 15 அப்படி விழும். படுகிற அடிகளில் ஏறக்குறைய நான்கில் ஒன்று, ஒருவர் ஆசையாக எழுதி, பெயர் வைத்து, பின்கதை யோசித்து வந்த கேரக்டரை முதல் ரவுண்டிலேயே கிழித்துப் போடும். விதிப்படியும் இது ‘மரண ஆபத்து’ என்ற தட்டில்தான் வருகிறது. ஆனால் அந்தச் சொல்லைப் படிக்கிற கேம் மாஸ்டருக்கு இந்த நான்கில் ஒன்று கண்ணில் படாது. அதனால் குறைந்த லெவல் அரக்கர்களுக்கு நான் பெரிய பகடையை ஒன்றிரண்டு போடுவதைவிடச் சிறிய பகடையைக் கூடுதலாகப் போடவே பார்ப்பேன். சராசரி மாறாது, உச்சம் இறங்கும்.

ஹிட் பாயிண்டையே தொடாமல் கொல்கிற அரக்கர்கள் இன்னொரு வகை. ஷேடோ என்ற நிழல் பிசாசு இதற்குச் சரியான உதாரணம். 16 ஹிட் பாயிண்ட், 100 எக்ஸ்பீரியன்ஸ் பாயிண்ட், பார்த்தால் சோப்ளாங்கி. ஆனால் அதன் ஒவ்வோர் அடியும் சேதத்தோடு ஸ்ட்ரெங்த் எனும் உடல்வலு எண்ணிலிருந்து நான்கு முகப் பகடை அளவு உறிஞ்சிவிடும். ஸ்ட்ரெங்த் பூஜ்யத்தைத் தொட்டால் ஆள் அவுட். ஸ்ட்ரெங்த் 16 உள்ள வீரனுக்கு இது தொல்லை. 8 மட்டுமே உள்ள மந்திரவாதிக்கு நான்கு அடியில், கெட்ட நேரம் என்றால் இரண்டே அடியில் முடிவு. சாதாரண ஆயுதங்கள் அதன் மேல் பாதிதான் வேலை செய்யும். கூட்டத்தில் கிளெரிக் (தெய்வ சக்தி கொண்ட பூசாரி) இருந்து ஒளி சார்ந்த மந்திரம் வைத்திருந்தால் ஷேடோவுக்கு இரட்டைச் சேதம், எல்லாம் சட்டென்று முடிந்துவிடும். ஒரே அரக்கன், ஒரே எண், இரண்டு மேஜைகளில் இரண்டு விதி. இப்படிப்பட்ட உயிரினம் கைக்கு வந்தால் எண்ணை மட்டும் போட்டு அனுப்ப எனக்கு மனம் வராது. ‘ஸ்ட்ரெங்த் குறைந்தவர்கள் உள்ள குழுவுக்கு இது எண் சொல்வதைவிடக் கொடியது’ என்று ஒரு வரி கட்டாயம் சேர்ப்பேன். பக்கத்தில் இடமில்லை என்று அந்த வரியை வெட்ட வந்தால் படத்தைச் சின்னதாக்கச் சொல்வேன்.

தனியாக நிற்கும் பெரிய அரக்கனுக்குப் பிரச்சினை நேர் எதிர். நான்கு பேர் சூழ்ந்து அடிக்க அது ஒரு முறைதான் திருப்பி அடிக்கும். 2008ல் வந்த நான்காம் பதிப்பு இந்த இரு முனைகளையும் வெளிப்படையாகவே கையாண்டது. ஒரே ஒரு ஹிட் பாயிண்டோடு கும்பலாக வரும் மினியன்கள் ஒரு பக்கம், தனியாகவே முழுக் குழுவையும் தாங்கும் சோலோ அரக்கர்கள் இன்னொரு பக்கம். ஐந்தாம் பதிப்பில் வளர்ந்த சிவப்பு டிராகனுக்கு 256 ஹிட் பாயிண்ட் இருப்பதோடு, மற்றவர்களின் முறை முடிகிற இடங்களில் பயன்படுத்திக்கொள்ள ரவுண்டுக்கு மூன்று லெஜண்டரி ஆக்‌ஷன் இருக்கிறது. தோற்ற சேவிங் த்ரோவை வெற்றியாக்கிக்கொள்ளும் உரிமை நாளுக்கு மூன்று. முதலாவதை நான் மனதார ஏற்கிறேன். எல்லாருடைய முறையிலும் டிராகன் உயிரோடு இருப்பது தெரியும். இரண்டாவது கணக்குக்குத் தேவைதான், ஆனால் விளையாடுபவர் தன் மிகச் சிறந்த மந்திரத்தை விட்டு, அது வேலை செய்தும்விட்டு, பிறகு ‘இல்லை’ என்று கேட்கும் அந்த நொடி கசக்கிறது. அதனால் அப்படித் தப்பிக்கும்போது அரக்கன் எதையாவது இழப்பதாக எழுதுகிறேன். கவசச் செதில் உதிரும், வேகம் குறையும், ஒரு கொம்பு முறியும். மந்திரம் வீண்போகவில்லை என்று எதிரில் இருப்பவருக்குத் தெரிய வேண்டும்.

பிளேடெஸ்ட் எனும் சோதனை ஆட்டத்தில் உட்காரும்போது என் குறிப்பேட்டில் யார் ஜெயித்தார்கள் என்பதற்குப் பெரிய இடம் இல்லை. நான் பார்ப்பது, ஒவ்வொருவரும் தன் முறை வரும்போது எதையாவது தேர்ந்தெடுக்கிற நிலையில் இருக்கிறாரா என்பது. அண்மையில் சதுப்புநில உயிரினம் ஒன்று வரைவாக வந்தது. கொடியால் பிடித்து இழுக்கும், பிடிபட்டவர் ஸ்தம்பித்துப்போவார், ரவுண்டுக்கு ஒருமுறை சேவிங் த்ரோ. சேதக் கணக்கு எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆட்டத்தில் பார்த்தபோது பிடிபட்டவர் தன் முறைக்குப் பகடையை உருட்டினார், தோற்றார், போனை எடுத்தார். அடுத்த ரவுண்டிலும் அதே. மற்ற மூவரும் உற்சாகமாகச் சண்டையிட்டு ஜெயித்தார்கள். எண்படி அது ‘நடுத்தரம்’. அந்த நாற்காலியில் இருந்தவருக்கு அந்தச் சண்டையே நடக்கவில்லை.

ஸ்தம்பித்தலை எடுத்துவிட்டேன். பிடிபட்டவர் தன் முறையில் இரண்டில் ஒன்றைச் செய்யலாம்: கொடியை அறுத்து விடுபடலாம், அல்லது பிடியிலேயே இருந்து இன்னும் ஆழத்துக்கு இழுபடத் துணிந்து, கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் அதன் தலையை அடிக்கலாம். சேதத்தைக் கொஞ்சம் ஏற்றவும் செய்தேன். கணக்குப்படி உயிரினம் முன்னைவிட ஆபத்தானது. ஆனால் அடுத்த ஆட்டத்தில் பிடிபட்ட பெண் எழுந்தே நின்றுவிட்டார். ‘நான் விடமாட்டேன், தலையை அடிக்கிறேன்’ என்றார். பக்கத்தில் இருந்தவர் ‘வேண்டாம், வேண்டாம்’ என்று கத்தினார். கடினத்தைக் கூட்டியும் ஆட்டம் நியாயமாகத் தோன்ற முடியும் என்பதை இப்படி நேரில் பார்க்கும்போதுதான் முழுதாக நம்ப முடிகிறது.

பழைய பதிப்புகள் இந்த நியாயத்தை வேறு வழியில் வைத்திருந்தன. 1974ல் ஆட்டம் தொடங்கிய காலத்தில் சுரங்கத்தின் ஆழம்தான் அளவுகோல். கீழே போகப் போகக் கொடியவை இருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும், எவ்வளவு இறங்குவது என்பது விளையாடுபவர் முடிவு. 2000ல் மூன்றாம் பதிப்பு அரக்கனின் கடினத்தைச் சொல்லும் சேலஞ்ச் ரேட்டிங் எண்ணைக் கொண்டுவந்ததும் அந்தப் பொறுப்பு கேம் மாஸ்டர் பக்கமும் எங்கள் பக்கமும் நகர்ந்தது. அது நல்ல மாற்றம் என்றே நினைக்கிறேன். ஆனால் கைவிட்டிருக்கக் கூடாத ஒன்றும் அதோடு கைவிடப்பட்டது. 1981ன் பேசிக் பதிப்பில் ஒவ்வோர் அரக்கனுக்கும் மொரேல் (மன உறுதி) என்று ஓர் எண் உண்டு. கோப்ளினுக்கு 7. முதல் ஆள் விழும்போதும், பாதிப் பேர் விழும்போதும் இரண்டு ஆறுமுகப் பகடைகளை உருட்டி, 7ஐத் தாண்டினால் மிச்சமுள்ளவை ஓடிவிடும் அல்லது சரணடையும்.

கடினத்தைச் சமன்செய்ய இதைவிட நல்ல கருவி எனக்குத் தெரியாது. சண்டை சாவில்தான் முடிய வேண்டும் என்ற கட்டாயம் போனாலே ஹிட் பாயிண்ட் கணக்கின் பாதி அழுத்தம் இறங்கிவிடும். சண்டை நடுவில் கேம் மாஸ்டர் ரகசியமாக ஹிட் பாயிண்டை மாற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை. அடித்தவரின் அடியை அது திருடிக்கொள்கிறது. மாற்ற வேண்டும் என்றால் முன்கூட்டியே மாற்ற விதியிலேயே இடம் இருக்கிறது. ஓகரின் 59 என்பது ஏழு பத்துமுகப் பகடையின் சராசரியோடு 21 கூட்டியது. 28லிருந்து 91வரை எதை வைத்தாலும் அது நேர்மையான ஓகர்தான்.

இப்போது மேஜையில் இருப்பது ஒரு பாலத்தைக் காக்கும் கல் உயிரினம். எண் முடிவாகிவிட்டது. அது எப்போது விலகி வழிவிடும், எதைக் கேட்டால் சண்டையை நிறுத்தும் என்ற பத்தியைத்தான் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன். கிளெரிக் இல்லாத ஒரு குழுவை வைத்து இன்னொரு தடவை ஓட்டிப் பார்க்கக் கேட்டிருக்கிறேன். பரிசோதிக்கும் கேம் மாஸ்டருக்கு அனுப்பிய தாளில் இம்முறை ஒரே கேள்விதான்: எந்த ரவுண்டில், யார் முதலில் ‘திரும்பிப் போய்விடலாமா’ என்று கேட்டார், அப்போது திரும்பிப் போக வழி இருந்ததா?