தூக்குவாளிகள்

மார்ச் 5, 2025
சாம்பல் புதன். ஆராதனைக்குப் போகவில்லை. இவுக டயாலிசிஸ் மெஷினில் 4 மணி நேரம், நான் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில். ஊசிக்கோபுரத்து மணி இவ்வளவு தூரம் கேட்காது. ஆனாலும் காது அங்கேயேதான் கிடந்தது.

மார்ச் 6
இவுக இடது கையில், மெஷினுக்காக ரத்தக்குழாய்களைச் சேர்த்துத் தைத்த இடத்தில் விரல் வைத்துப் பார்த்தேன். கிர்ர்ர் என்று ஓடுகிறது. இருக்கிறது.

மார்ச் 11
செவ்வாய்க் கூட்டம் எங்கள் வீட்டில். நான் கூப்பிடவில்லை, அவர்களாகவே முறையை மாற்றிக்கொண்டார்கள். கீர்த்தனை முடிந்ததும் ஆட்டோ அண்ணன் தொண்டையைச் செருமினார். "இந்தக் குடும்பத்துல அறிக்கையிடாத பாவம் ஏதாச்சும் இருக்கான்னு பாக்கணும்." யாரும் வாய் திறக்கவில்லை. இவுகதான் சுவரைப் பார்த்தபடியே, "இருக்கு. 20 வருசமா பிரஷர் மாத்திரைய ஒழுங்காப் போடல" என்றாக. டீச்சரக்காவுக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை.

எனக்குத் தூக்கம் வரவில்லை. யோபுவின் சிநேகிதர்கள் 7 நாள் ராப்பகலாய்த் தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்களே, அதுவரைக்கும் நல்லவர்கள்தான். வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது.

மார்ச் 14
அதே அண்ணன் காலையில் 6 இளநீரோடு வந்து நிற்கிறார். பொட்டாசியம் ஏறினால் இருதயமே நின்றுபோகும் என்று நான் சொன்னதும் முகம் வெளுத்துவிட்டது. தெருப்பிள்ளைகளுக்கு வெட்டிக் கொடுத்துவிட்டு, எங்களை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார். காசு வாங்க மாட்டார். இவர் மேல் கோபமும் பட முடியவில்லை.

மார்ச் 16
கிர்ர்ர்.

மார்ச் 19
அடுக்களையில் 9 பாத்திரம். எல்லாம் கூட்டத்து வீடுகளிலிருந்து வந்தவை. ஒன்றில் 'ம.ஞா.' ஒன்றில் 'சொ.ஜெ.' ஒரு தூக்குவாளியில் யாருடைய கல்யாணத் தேதியோ வெட்டியிருக்கிறது. காயை வேகவைத்து, தண்ணீரை வடித்துவிட்டு, மறுபடி தாளித்து அனுப்புகிறார்கள். ஆட்டோ அண்ணன் வீட்டிலிருந்து வந்த புடலங்காய்க்கூட்டு உப்பில்லாமல் சப்பென்று இருந்தது. அதைத் தின்றுவிட்டு அழுதேன்.

வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுத்தால் அம்மா அடிப்பாள். நிரப்பிக் கொடுக்க எனக்குத் தெம்பில்லை. அதனால் அவை அப்படியே இருக்கின்றன, பெயர் பெயராய் என்னைப் பார்த்துக்கொண்டு.

மார்ச் 25
இவுகளுக்கு பி பாசிட்டிவ். எனக்கு ஓ. ஓ குரூப் சிறுநீரகம் எந்த குரூப்புக்கும் போகுமாம். ஓ குரூப்காரருக்கு மட்டும் ஓ-வேதான் வேண்டுமாம். எங்கும் கொடுக்கலாம், எங்கும் வாங்க முடியாது. நல்ல நியாயம்.

இனி கிராஸ் மேட்ச் பாக்கி, என் சிறுநீரகத்தை இவுக உடம்பு ஏற்குமா என்று ரத்தத்தில் பார்ப்பது. காப்பீட்டு அட்டை நகல், கல்யாணப் பதிவு நகல், போட்டோ. சாயங்காலக் கூட்டத்தில் எல்லாரும் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "உங்க வீட்டுக்காரரு குடுத்து வச்சவரு." போதகர் மனைவி ஐயரம்மா என் பெயரைச் சொல்லி ஸ்தோத்திரம் பண்ணினார்கள். நான் ஆமென் சொன்னேன்.

மார்ச் 27
பொய்.

ஏப்ரல் 1
கூட்டம் முடிந்தும் டீச்சரக்கா போகவில்லை. அடுக்களையில் உட்கார்ந்து உள்ளி உரித்துக்கொண்டிருந்தாள். நான் பாத்திரம் கழுவிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னேன். "பொருந்தக் கூடாதுன்னு ஜெபம் பண்ணுதேன்க்கா."

உள்ளி உரிக்கிற சத்தம் நிற்கவில்லை. ரொம்ப நேரம் கழித்து, "சரி. நீ அதையே பண்ணு. மத்தத நாங்க பாத்துக்கிடுதோம்" என்றாள்.

அவ்வளவுதான். வசனம் இல்லை, தலையில் கை வைக்கவில்லை. போகும்போது மட்டும், "88ஆம் சங்கீதம் வாசிட்டி" என்றாள். ராத்திரி வாசித்தேன். கடைசி வசனத்திலும் விடியவில்லை. இதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்களே.

ஏப்ரல் 7
முதல் தடவையாகக் கையில் ஊசி ஏற்றினார்கள். 2 ஊசி, தடி தடியாய். இவுக என்னைப் பார்த்துச் சிரித்தாக. வீட்டுக்கு வந்ததும் கையைத் தொட்டுப் பார்த்தேன். இருக்கிறது.

ஏப்ரல் 8
டீச்சரக்கா யாரிடமும் சொல்லவில்லை. விண்ணப்பம் கேட்கிற நேரத்தில் என் முகத்தையே பார்க்கவில்லை.

ஏப்ரல் 13
குருத்தோலைப் பவனி எங்கள் தெரு வழியாக வந்தது. யாரோ ஓலைச்சிலுவை ஒன்றை ஜன்னல் கம்பியில் செருகிவிட்டுப் போயிருக்கிறார்கள். இவுக அதை ஆஸ்பத்திரி பைலுக்குள் வைத்தாக.

ஏப்ரல் 18
மெஷினுக்குப் புனித வெள்ளி தெரியாது. 11 மணிக்குப் போட்டார்கள். ஏழு வார்த்தை ஆராதனையை விட்டுவிட்டு 3 பேர் வந்து என் பக்கத்து நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். ஆட்டோ அண்ணனும்தான். 12 மணியிலிருந்து 3 மணி வரை அந்த மனிதர் ஒரு வார்த்தை பேசவில்லை. அவருக்கு அது உபவாசத்தைவிடக் கஷ்டம்.

ஏப்ரல் 22
கிராஸ் மேட்சுக்கு ரத்தம் எடுத்துவிட்டார்கள்.

சாயங்காலம் டீச்சரக்கா ஒரு சாக்குப்பையோடு வந்து பாத்திரங்களை எல்லாம் எடுத்து அடுக்கினாள். "வெறுசா குடுக்கக் கூடாதுக்கா" என்றேன். "அப்ப உப்பப் போடு. இந்த வீட்டுல அதுக்கு என்ன வேல?" ஒவ்வொன்றிலும் ஒரு பிடி போட்டோம். உப்பு ஜாடி காலி. ரெண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். இவுக உள்ளேயிருந்து, "என்னது, என்னது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாக.

ஜெபம் பண்ணினேன். என்ன கேட்டேன் என்று இங்கே எழுத மாட்டேன்.

ஏப்ரல் 23
ரிசல்ட் நாளைக்கு, 11 மணி. கூட வருவதற்கு முறை நோட்டில் 5 பேர் பெயர் எழுதியிருக்கிறார்கள். எங்களோடு சேர்த்து 7 பேர், ஒரு ஆட்டோவில் எப்படி