தோற்றவர்கள் எழுதிய கடிதங்கள்

அமெரிக்க வங்கி ஒன்றின் கிரெடிட் கார்டு தகராறுகளைச் சென்னையில் இருந்து கவனிக்கும் பிரிவில் நான் வேலை செய்த காலத்தில், 2010, 2011 வாக்கில், இணையத்தில் நடக்கும் ‘பென்னி ஏலம்’ பற்றிய புகார்கள் கட்டுக்கட்டாக வரத் தொடங்கின. எங்களுக்குத் தொலைபேசி வேலை கிடையாது. வாடிக்கையாளரின் கடிதத்தையும் படிவத்தையும் படித்து, அது எந்த வகைப் புகார் என்று முடிவு செய்ய வேண்டும். வணிகரின் வங்கியிடம் பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா என்று தீர்மானிக்க வேண்டும். வந்துசேராத செருப்பு, உடைந்து வந்த கடிகாரம், ரத்து செய்த பிறகும் மாதாமாதம் கழியும் சந்தா என்று பார்த்துப் பழகிய எங்களுக்கு, இந்தப் புகார்கள் முதலில் பிடிபடவே இல்லை. “ஏலத்தில் தோற்றேன், பணம் போய்விட்டது” என்று எழுதியிருந்தார்கள். தோற்றவருக்கு ஏன் பணம் போக வேண்டும்?

நம் ஊரில் கோயில் புளியமரங்களைக் குத்தகைக்கு ஏலம் விடும்போது, கலந்துகொள்கிறவர்கள் டேவணித் தொகை கட்டுவார்கள். மூன்று தரம் சொல்லி முடிந்ததும் எடுத்தவர் மீதியைக் கட்டுவார். மற்றவர்கள் டேவணியைத் திரும்ப வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். பென்னி ஏலத்தில் திரும்ப வாங்குவதற்கு எதுவும் இல்லை. ஒவ்வொரு முறை விலை கேட்பதற்கும், முன்கூட்டியே காசு கொடுத்து வாங்கிவைத்த ‘பிட்’ ஒன்று செலவாகும். ஒரு பிட் 60 சென்ட் என்று வைத்துக்கொள்வோம். பொத்தானை அழுத்தினால் பொருளின் விலை 1 சென்ட் ஏறும், கடிகாரத்தில் சில விநாடிகள் கூடும். கடிகாரம் பூஜ்யத்தைத் தொடும்போது கடைசியாக அழுத்தியிருந்தவருக்குப் பொருள். அப்படியானால் 50 டாலருக்குப் போன ஒரு மடிக்கணினிக்காக 5,000 முறை பொத்தான் அழுத்தப்பட்டிருக்கிறது. எல்லாம் காசுக்கு வாங்கிய பிட் என்றால் 3,000 டாலர். வென்றவர் கொடுக்கும் 50 டாலர் தனி. விளம்பரத்தில் அந்த 50 மட்டும்தான் தெரியும்.

இந்த முறையைப் பிரபலமாக்கிய ஸ்வூப்போ, 2005இல் ஜெர்மனியில் டெலிபிட் என்ற பெயரில் தொடங்கி, 2008இல் அமெரிக்காவுக்குப் போய், 2011 மார்ச்சில் மூடப்பட்டது. அதற்குள் அதைப் பார்த்து வேறு பல தளங்கள் முளைத்துவிட்டன.

புகார்களில் பெரும்பாலானவை முதல் கட்டணத்தைப் பற்றியவை. பதிவு செய்வது இலவசம் என்று நினைத்து கார்டு எண்ணைக் கொடுத்திருப்பார்கள். அடுத்த நிமிடமே 60, 99, சிலருக்கு 150 டாலர் கழிந்திருக்கும். கட்டாயமாக வாங்க வேண்டிய பிட் தொகுப்பின் விலை அது என்பது பக்கத்தின் அடியில் சிறு எழுத்தில் இருக்கும். இன்னும் சிலர், ஒரே புனைபெயர்கள் இரவு பகலாக எல்லா ஏலத்திலும் வருவதைக் குறித்துவைத்து, இவர்கள் மனிதர்கள்தானா என்று கேட்டிருந்தார்கள். அது வீண் சந்தேகம் இல்லை. தானே போலியாக விலை கேட்கும் நிரலை வைத்திருந்த ஒரு தளத்தின் மீது வாஷிங்டன் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகம் 2011இல் நடவடிக்கை எடுத்தது. அதே ஆண்டு அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையமும் பென்னி ஏலங்களைப் பற்றி நுகர்வோருக்கு எச்சரிக்கை வெளியிட்டது.

ஆனால் என்னை உறுத்தியது வேறு. எங்களிடம் இருந்த பெட்டிகளில் இந்தத் துன்பம் அடங்கவில்லை. விசா கார்டு அமைப்பில் அப்போது ஒவ்வொரு காரணத்துக்கும் ஓர் எண் உண்டு. பொருளோ சேவையோ வந்துசேரவில்லை என்றால் 30. சொன்னபடி இல்லை என்றால் 53. கார்டு நேரில் இல்லாமல் நடந்த மோசடி என்றால் 83. பிட் வாங்கியவருக்கு பிட் கிடைத்துவிட்டது, அவரே அதைச் செலவழித்தும்விட்டார். 30 பொருந்தாது. விதிமுறைப் பக்கத்தில் எல்லாம் எழுதியிருக்கிறது, அதனால் 53 நிற்காது. “இதை நான் வாங்கவே இல்லை” என்று எழுதினால் மட்டும் 83இல் வழக்கு உடனே ஓடும், கார்டை முடக்கிப் புதிது அனுப்புவோம். உண்மையை எழுதியவருக்கு வழி அடைத்திருந்தது. பொய் எழுதத் துணிந்தவருக்குச் சில வாரங்களாவது பணம் கணக்கில் திரும்பி வந்தது.

அதன் பிறகு வணிகரின் பதில் வரும். அந்தப் பதில் கட்டுகளை நான் இன்றுவரை மறக்கவில்லை. வாடிக்கையாளர் எந்தக் கணினியில் இருந்து நுழைந்தார், விதிகளை ஏற்பதாக எந்த விநாடியில் ‘டிக்’ செய்தார் என்பதில் தொடங்கி, அவர் அழுத்திய ஒவ்வொரு பிட்டும் நேரத்தோடு வரிசையாக அச்சிடப்பட்டிருக்கும். இரவு 1 மணிக்குத் தொடங்கி, எட்டு விநாடிக்கு ஒன்று, பதினோரு விநாடிக்கு ஒன்று என்று விடியற்காலை 4 மணி வரை போகும். நடுவில் ஒரு வரி, இன்னொரு தொகுப்பு வாங்கியதாக. மறுபடியும் அழுத்தல்கள். சேவையை இவர் முழுமையாகப் பயன்படுத்தினார் என்பதற்கு ஆதாரமாக அதை அனுப்புவார்கள். எங்கள் விதிப்படி அது ஆதாரம்தான், வழக்கு முடிந்துவிடும். என் கண்ணுக்கோ, ஒரு மனிதரைத் தூங்கவிடாமல் பிடித்துவைத்திருந்ததற்கு இதைவிட நல்ல சாட்சி வேறு இருக்க முடியாது. மொத்தம் எவ்வளவு செலவழித்தார் என்ற கூட்டுத்தொகைகூடக் கடைசிப் பக்கத்தில் இருக்கும். அந்தத் தொகையை அந்த இரவில் அவருடைய திரையில் யாரும் காட்டியிருக்க மாட்டார்கள்.

ஒரு பெண்மணி கையால் எழுதிய கடிதம் வந்தது. பேரனுக்குக் கேமரா வாங்கப் போயிருக்கிறார். அவருடைய கணக்கில் நான்கு கட்டணங்கள். படிவத்தில் முதல் ஒன்றை மட்டும் குறித்திருந்தார். “மற்ற மூன்றையும் தெரிந்தேதான் வாங்கினேன், அதைக் கேட்பது நியாயம் இல்லை” என்று அடியில் எழுதியிருந்தார். தெரிந்தேதான் வாங்கினார், உண்மை. முதல் தொகுப்பில் போட்டது வீணாகிவிடக் கூடாதே என்றுதான் இரண்டாவதை வாங்கியிருப்பார். நான்கையும் சேர்த்து எடுத்துப் போகலாமா என்று எங்கள் குழுத் தலைவரிடம் கேட்டேன். “அவரே ஒப்புக்கொண்டு எழுதியதை நாம் எப்படி மாற்ற முடியும்?” என்றார். அவர் இரக்கமில்லாதவர் அல்ல. அமெரிக்காவின் 1974ஆம் ஆண்டு நியாயமான கடன் பில்லிங் சட்டம் கொடுத்த எல்லை அது. பில் அனுப்பிய 60 நாட்களுக்குள் எழுத்தில் வந்த புகாரை, அதிகபட்சம் 90 நாட்களுக்குள் தீர்க்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. அதன் பார்வையில் பிழை என்பது பில்லில் இருக்க வேண்டும். இந்தப் பெண்மணி தெரிந்தே வாங்கிய மற்ற மூன்றில் பில்லில் பிழையே இல்லை. முதல் கட்டணம் மட்டும் திரும்பியது.

பேராசைக்காரர்கள், சூதாடிகள் என்று இவர்களைப் பற்றி அலுவலகத்திலேயே சிலர் பேசினார்கள். எனக்கு அதில் கோபம் உண்டு. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகப் பொருளியலாளர் நெட் ஆகன்பிளிக், ஸ்வூப்போவின் 1,66,000க்கும் மேற்பட்ட ஏலங்களின் தரவை ஆராய்ந்து 2016இல் வெளியிட்ட ஆய்வில், ஏலம் நடத்தியவரின் சராசரி லாபம் 50 சதவீதத்துக்கு மேல் என்று கணக்கிட்டார். போட்ட பணத்தை விட்டுவிட்டு எழ முடியாத மனநிலையைத்தான் அதற்கு விளக்கமாக வைத்தார். அது சிலருடைய குணக்கேடு இல்லை. நஷ்டத்தில் ஓடும் வியாபாரத்தை மூட மனம் வராதவர், பிடிக்காத படிப்பை மூன்றாம் ஆண்டு வரை இழுத்துப்போகிறவர், எல்லாருக்கும் இருப்பதுதான். தெரிந்தே அதன்மேல் ஒரு கடிகாரத்தைக் கட்டி, ஒவ்வொரு துடிப்புக்கும் 60 சென்ட் வாங்கியதுதான் தவறு.

இந்தியாவில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில், இணையத்தில் ஏமாற்றும் வடிவமைப்புகள் என்று 13 வகைகளைப் பட்டியலிட்டுத் தடை செய்தது. இல்லாத அவசரத்தைக் காட்டுவது, விலையைத் துண்டுதுண்டாக வெளியிடுவது, சந்தாப் பொறி எல்லாம் அதில் இருக்கின்றன. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் சொல்லலாம். ஆனால் பென்னி ஏலத்தின் அவசரம் பொய் இல்லை. கடிகாரம் உண்மையாகவே ஓடுகிறது, எதிரில் இன்னொருவர் உண்மையாகவே காசு போடுகிறார். அதனால் அந்தப் பட்டியலில் இன்னொரு வகையைச் சேர்க்க வேண்டும் என்பது என் கோரிக்கை. சிறுசிறு தொகையாகத் திரும்பத் திரும்பச் செலவழிக்க வைக்கும் எந்தத் தளமும் செயலியும், இதுவரை எவ்வளவு செலவாகியிருக்கிறது என்ற கூட்டுத்தொகையை, அழுத்தும் பொத்தானுக்குப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில், ரூபாயில் காட்ட வேண்டும்.