நான் கண்ணாடியைப் பார்த்தேன், அவர் வாலைப் பார்த்தார்

விமானி பயிற்சியில் நாற்பது மணி நேரத்தைக் கடந்திருந்த நாட்களில், ஒரு காலை ஓடுதளத்தை நோக்கித் திரும்பும்போது, எங்கள் செஸ்னா 172 சிறு பயிற்சி விமானத்தின் இடது இறக்கையில், விமான உடலை ஒட்டிய பகுதியில், பருந்து ஒன்று மோதியது. நனைந்த சாக்கைத் தரையில் அறைந்தாற்போல் ஒரு சத்தம். முன்கண்ணாடியில் விரிசல் இல்லை என்றதும் எனக்கு உயிர் வந்தது; வழக்கம்போல ஃபிளாப்பை, அதாவது மெதுவாகப் பறந்து இறங்க உதவும் இறக்கையின் பின்விளிம்பு மடிப்பை, இறக்கக் கை நீட்டினேன். பயிற்றுநர் என் கையை விலக்கி, "மை கண்ட்ரோல்ஸ்" (இனி விமானம் என் கையில்) என்று மட்டும் சொல்லிவிட்டு, ஃபிளாப்பைத் தொடாமல், வழக்கத்தைவிடக் கூடுதல் வேகத்தில் தரையிறக்கினார். அடிபட்ட பக்கத்து ஃபிளாப் சிக்கிக்கொண்டு மறுபக்கத்து ஃபிளாப் மட்டும் இறங்கினால், விமானம் ஒருபக்கமாகப் புரளத் தொடங்கும். அந்த உயரத்தில் அதை நிமிர்த்த நேரமிருக்காது.

இறங்கியதும் நான் இறக்கையின் முன்விளிம்பில் உள்ளங்கையளவு விழுந்திருந்த பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க, அவரோ நேராக வாலுக்குப் போய், மூக்கை உயர்த்தித் தாழ்த்தும் வால் தகடான எலிவேட்டரை மேலும் கீழும் அசைத்து, கீல்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார்.

காரணம் கேட்டபோது அமெரிக்காவில் நடந்த ஒரு விபத்தைச் சொன்னார். 2007 அக்டோபர் 23 அன்று இரவு, வடக்கு டகோட்டா பல்கலைக்கழகத்தின் பைப்பர் செமினோல் பயிற்சி விமானம் மினசோட்டாவின் பிரவர்வில் அருகே விழுந்து, பயிற்றுநரும் மாணவரும் இறந்தனர். வலசை வந்த கனடா வாத்து ஒன்று மோதி, வாலின் இடப்புறக் கிடைப்பரப்பைச் சிதைத்திருந்தது. மூக்கை உயர்த்துவதும் தாழ்த்துவதும் அந்தப் பரப்பின் வேலை என்பதால், அது போனபின் என்ஜின்கள் நன்றாக இருந்தும் பயனில்லை.

எங்கள் பருந்து ஒரு கிலோகூட இருந்திருக்காது. நாங்களும் மெதுவாகவே பறந்துகொண்டிருந்தோம். வேகம் இருமடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும் என்பதால், பறவைகள் தென்பட்டால் வேகத்தைக் குறைக்கச் சொல்வார்கள். மிரண்ட பறவை பெரும்பாலும் கீழ்நோக்கிப் பாயும் என்பதால், மேலேறச் சொல்வதும் உண்டு. ஆனால் தரையிறங்கும் வேகத்தில் பதறி மூக்கைத் தூக்கினால், பறவை தப்பும், விமானம் ஸ்டால் ஆகும்; அதாவது இறக்கைகள் தூக்குவிசையை இழக்கும். இதைப் பல மாணவர்கள் பாதிதான் மனப்பாடம் செய்கிறார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன்.

மறுநாள் பராமரிப்புப் பொறியாளர் இறக்கைப் பள்ளத்தை அளந்து குறித்துக்கொண்டபின், எலிவேட்டர் கீலின் இடுக்கிலிருந்து ஒரு பழுப்பு இறகை இடுக்கியால் இழுத்து எடுத்தார்.