தையல்கார அக்கா சொன்னது

பெண் பிள்ளைகளின் உரிமைக்காக வேலை செய்யும் ஒரு சிறு அமைப்பில், மலேசியாவின் பினாங்கு மாநிலத்துப் பிறையில், சேர்ந்த புதிதில் ஆதரவாளர் என்றால் கையெழுத்துப் போடுபவர் என்றே நினைத்திருந்தேன். தைப்பூசத்தன்று பாலம் கடந்து பினாங்குத் தீவுக்குப் போய், தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் சாலையில் ஒரு தண்ணீர்ப் பந்தல் ஓரமாக மேசை போட்டோம். ஒரே நாளில் 200 பெயருக்கு மேல் சேர்ந்தது. அடுத்த மாதக் கூட்டத்துக்கு வந்தவர்கள் நான்கு பேர்.

அதில் ஒருவர் அடுக்குமாடி வீட்டில் துணி தைக்கும் அக்கா. கூட்டத்தில் வாயே திறக்கவில்லை. எல்லோரும் போனபிறகு நாற்காலிகளை அடுக்கிக்கொண்டே கேட்டார்: "தங்கச்சி, போன வாரம் ஒரு பிள்ளைக்குக் கல்யாண பிளவுஸ் அளவெடுத்தேன். ஸ்கூல் யூனிஃபார்மோட வந்துச்சு. டேப்பைச் சுத்துறேன், கையைத் தூக்கவே மாட்டேங்குது. பதினாறு வயசுல கட்டி வைக்கலாமா?"

1976ஆம் ஆண்டுத் திருமணச் சட்டப்படி, முஸ்லிம் அல்லாதவர்களுக்குத் திருமண வயது 18. பெண்ணுக்கு 16 முடிந்திருந்தால் மாநில முதலமைச்சரின் அனுமதியோடு நடத்தலாம். அனுமதி இல்லையென்றால் அந்தத் திருமணம் செல்லாது. இதைத்தான் துண்டுப் பிரசுரத்தில் அச்சடித்து ஊரெல்லாம் கொடுத்துக்கொண்டிருந்தோம். அக்கா கையிலும் ஒன்று இருந்தது. ஆனால் கல்யாணச் செய்தி முதலில் தையல் வீட்டுக்குத்தான் வரும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

பேசப் போனது அக்காதான். நான் போயிருந்தால் வாசலோடு அனுப்பியிருப்பார்கள். அந்தப் பிள்ளையின் அம்மா பத்து வருடமாக அக்காவிடம் துணி தைக்கக் கொடுப்பவர். பிள்ளை யாரோ பையனோடு பேசுகிறாள், நாலு பேர் வாயில் விழுவதற்குள் கட்டி வைத்துவிடலாம் என்ற பயம் அவருக்கு. மூன்று முறை போய் அந்தப் பயத்தைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தார் அக்கா. கடைசியில், பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம் முடியட்டும் என்று தள்ளி வைத்தார்கள்.

அப்புறம் நாங்கள் கையெழுத்து கேட்பதை விட்டுவிட்டோம். "உங்கள் கண்ணில் என்ன படும்?" என்று கேட்கிறோம். பள்ளி வேன் ஓட்டும் அண்ணன், மூன்று நாள் சேர்ந்தாற்போல் வராத பிள்ளையைப் பற்றிச் சொல்கிறார். கோயில் மண்டபத்தைப் பார்த்துக்கொள்பவர், தேதி கேட்டு வரும்போதே இருவரின் அடையாள அட்டையையும் (ஐசி) பார்க்கிறார். பிள்ளைக்கு ஆபத்து என்று தெரிந்தால் கூப்பிட வேண்டிய 15999 என்ற உதவி எண் எல்லோர் கைபேசியிலும் இருக்கிறது. பெயர்ப் பட்டியல் 200லிருந்து 19 ஆகிவிட்டது. எனக்கு அதில் வருத்தம் இல்லை.

இந்த மாதக் கூட்டத்துக்கு அக்கா இன்னும் இரண்டு தையல்காரர்களை அழைத்து வருகிறார். ஒருவர் பட்டர்வொர்த், இன்னொருவர் ஆயர் ஈத்தாம்.