பாதித் தட்டு

என் கையில் ஒரு தட்டுப் படம் இருந்தது. பாதித் தட்டு மரக்கறி, கால் தட்டு மாப்பொருள், கால் தட்டு இறைச்சி அல்லது மீன். சீனி வருத்தக்காரருக்குக் கனடா முழுவதும் போசாக்கு ஆலோசகர்கள் காட்டுகிற அதே படம். ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இதை நீட்டினால் எங்கள் ஆட்கள் சோற்றுப் பங்கைப் பார்த்து முகம் சுளிப்பார்கள், அவ்வளவுதான். கனடாவின் வடகோடியில் இருக்கிற இனுவிக்கில் போசாக்கு ஆலோசகராக வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது கிழமை, எழுபதைத் தாண்டிய, குவிச்சின் என்ற முதற்குடி இனத்து மூதாட்டி ஒருவர் அதை வாங்கி ஆறுதலாகப் பார்த்தார். நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். பிறகு, "மகள், நீ இன்றைக்குக் கடைக்குப் போனாயா?" என்று கேட்டார்.

போகவில்லை. அன்று பின்னேரம் போனேன். 2014, மே மாதம். மரக்கறித் தட்டுகளில் பாதி வெறுமை. இருந்த கோவாவின் மேல் இலைகளை உரித்து உரித்து அது தேசிக்காய் அளவுக்கு வந்திருந்தது. சலாது இலைப் பொதியை எடுத்துப் பார்த்துவிட்டு விலையைக் கண்டதும் திரும்ப வைத்தேன். எனக்குச் சம்பளத்தோடு வடபகுதிப் படியும் தருகிறார்கள். நானே திரும்ப வைத்தேன் என்றால் அந்த அம்மாவின் நிலைமையைச் சொல்லத் தேவையில்லை.

பாதை மூடியிருந்ததுதான் காரணம். ஆர்க்டிக் வட்டத்துக்கு இன்னும் இருநூறு கிலோமீற்றர் வடக்கே, மக்கென்சி ஆற்றின் கழிமுகத்தில் இருக்கிற மூவாயிரத்துச் சொச்சம் பேர் வாழும் ஊர் இனுவிக். இனுவியாலுயிட் எனப்படும் மேற்கு ஆர்க்டிக் இனுயிட் மக்களும் குவிச்சின் மக்களும்தான் பெரும்பான்மை. தெற்கிலிருந்து வரும் ஒரே தரைவழி 1979 இல் திறந்த டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலை. ஏறத்தாழ 740 கிலோமீற்றர் சரளைக்கல். நடுவில் பீல் ஆறும் மக்கென்சி ஆறும் குறுக்கே ஓடுகின்றன, இரண்டுக்கும் பாலம் கிடையாது. கோடையில் யாழ்ப்பாணத்துக் காரைநகர் ‘பாதை’ மிதவை மாதிரி ஒரு படகு லொறிகளை ஏற்றி இறக்கும். மாரியில் ஆறே உறைந்து தெருவாகிவிடும். ஆனால் பனிக்கட்டி உடைகிற வசந்தத்திலும் ஆறு உறையத் தொடங்குகிற இலையுதிர் காலத்திலும் படகும் ஓடாது, ஐஸும் தாங்காது. அந்தக் கிழமைகளில் பாலும் முட்டையும் விமானத்தில்தான் வரும்.

இதை அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் எங்களை வளர்த்தவர். ஜாம் போத்தலில் கொஞ்சம் எண்ணெய் விட்டுத் திரி போட்டு விளக்கெரித்தவர். பாதை மூடியிருக்கிறது என்றதும் அவருக்குக் குரலே மாறிவிட்டது.

"ஆர் மூடினது?"

"ஆறுதான் அம்மா."

விளங்கப்படுத்தக் கால்மணி நேரம் பிடித்தது. அப்புறம் மிளகாய்த்தூளும் மல்லி விதையும் தபாலில் வந்தன.

அந்த மல்லி விதைதான் என்னைப் பசுமைக்குடிலுக்குக் கொண்டுபோனது. இனுவிக்கில் வெளியே தோட்டம் செய்வது லேசான காரியம் அல்ல. கொஞ்சம் கிண்டினால் எப்போதும் உறைந்தே கிடக்கிற மண். வீடுகளையே தூண்களில் உயர்த்திக் கட்டியிருப்பார்கள். பல இடங்களில் தண்ணீர்க் குழாயும் கழிவுக் குழாயும் தரைக்கு மேலே பெட்டிக்குள் ஓடும். 1998 இல் ஊரார் சிலர் ஒரு சங்கம் அமைத்து, இடிக்கப்பட இருந்த ஒரு ஹொக்கி அரங்கைக் கேட்டு வாங்கினார்கள். கூரைத் தகடுகளைக் கழற்றி ஒளி புகும் பொலிகாபனேற் தகடு போட்டார்கள். முன்பு ஐஸ் இருந்த தரையில் எழுபதுக்கு மேற்பட்ட பாத்திகள். மேல்மாடியில் விற்பனைக்கு நாற்றும் மரக்கறியும் வளர்க்கிறார்கள், அந்த வருமானம் கட்டடத்தை ஓட்ட உதவுகிறது. பாத்தி எடுக்கிறவர் வாடகையோடு பொதுவேலைக்கும் சில மணித்தியாலம் கொடுக்கவேண்டும். நான் பாதை கூட்டினேன்.

உள்ளே நுழைந்தபோது முதலில் மணம்தான் வந்து அடித்தது. எட்டு மாதம் மணமே இல்லாத குளிரில் இருந்துவிட்டு வருகிற ஊர்க்காரருக்கு ஈரமண் வாசம் என்ன செய்யும் என்று அவர்கள் முகத்தில் பார்த்திருக்கிறேன். சிலர் நடுவது பெயருக்குத்தான். கதிரை போட்டு உட்கார்ந்துவிட்டுப் போவார்கள்.

மே கடைசியிலிருந்து யூலை நடுப்பகுதி மட்டும் அங்கே சூரியன் மறையாது. இரவு பதினொரு மணிக்கு வெயிலில் நின்று தண்ணீர் விட்டிருக்கிறேன். இருபத்துநாலு மணிநேர வெளிச்சம் என்றால் பயிருக்குக் கொண்டாட்டம் என்று நினைத்தேன். கோவாவுக்கும் கரட்டுக்கும் பரவாயில்லை. என் மல்லியோ நாள் நீண்டதும் தன் காலம் முடிந்துவிட்டது என்று முடிவெடுத்து, நாலு இலை விட்ட கையோடு தண்டு நீட்டிப் பூத்துவிட்டது. கீரை வகைகளும் அப்படித்தான். நாள் நீண்டால் விதைக்க ஓடுகிற சாதி. தக்காளிக்கு வேறு பிரச்சினை. கட்டடத்துக்குள் காற்றும் குறைவு, தேனீயும் இல்லை, பூங்கொத்தை நாங்கள்தான் தட்டிவிடவேண்டும். சுக்கினிக்குச் சின்னத் தூரிகையால் ஆண் பூவின் மகரந்தத்தைத் தொட்டுப் பெண் பூவில் வைக்கவேண்டும். பட்டப்படிப்பு முடித்துவிட்டுப் பூக்களுக்குக் கல்யாணத் தரகு பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த மூதாட்டியை எல்லோரும் ஜிஜூ என்பார்கள். குவிச்சின் மொழியில் பாட்டி. மூத்தோருக்கென்று ஒதுக்கிய பாத்தி ஒன்றை எடுங்களேன் என்று கேட்டேன். சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றினார். ஒருநாள் என்னோடு கதவு வரை வந்தார், உள்ளே வரவில்லை. "இது குரோலியர் ஹோலின் அரங்கு, தெரியுமா?" என்றார். பெயர் தெரியும். அதன் பாரம் அப்போது தெரியாது. 1959 இல் திறந்த கத்தோலிக்க விடுதி அது. கழிமுகத்திலும் அதற்கு அப்பாலும் இருந்த முகாம்களிலிருந்தும் ஊர்களிலிருந்தும் முதற்குடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துக் கொண்டுவந்து வைத்த வதிவிடப் பள்ளி அமைப்பின் ஒரு பகுதி. தொண்ணூறுகளின் பிற்பகுதி வரை நடந்தது. அங்கே மேற்பார்வையாளராக இருந்த நான்கு பேர் பிள்ளைகளைத் துன்புறுத்தியதற்காகப் பின்னாளில் தண்டிக்கப்பட்டார்கள். 2011 இல், அந்தப் பள்ளிகளை விசாரித்த உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு இனுவிக்குக்கே வந்து வாக்குமூலங்களைக் கேட்டது.

நான் சுக்கினிக்குத் தூரிகை பிடித்த தரை அது. ஜிஜூ அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அன்றிரவு இதைப்பற்றி வாசிக்கத் தொடங்கியபோது என் தொழிலே எதிரில் வந்து நின்றது. 1942 இல் வட மனிற்றோபாவில் கிறீ மக்கள் பட்டினியால் மெலிந்திருந்ததை அரசின் போசாக்கு ஆய்வாளர்கள் கண்டார்கள். சாப்பாடு கொடுப்பதற்குப் பதிலாக ஆய்வு செய்தார்கள். முந்நூறு பேரில் 125 பேருக்கு விற்றமின், மற்றவர்கள் ஒப்பீட்டுக்கு. 1948 இலிருந்து 1952 வரை ஆறு வதிவிடப் பள்ளிகளில் பிள்ளைகளை வைத்து இதே மாதிரிச் சோதனைகள் நடந்தன. வரலாற்றாசிரியர் இயன் மொஸ்பி 2013 இல் வெளியிட்ட பிறகுதான் நாடு இதை அறிந்தது. அந்த ஆய்வுகளின் பின்னால் இருந்த முக்கியமான ஆள் லயனல் பெற். கனடாவின் முதல் அதிகாரபூர்வ உணவு விதிகளை வகுத்தவர்களிலும் அவரே முக்கியமானவர். என் கையில் இருந்த தட்டுப் படத்தின் பாட்டன் அந்த விதிகள்தான். படிக்கும் காலத்தில் இதை யாரும் எங்களுக்குச் சொல்லித் தந்ததாக நினைவில்லை.

பிறகு நான் பேசுவதைக் குறைத்துக் கேட்பதைக் கூட்டினேன். "வீட்டில் என்ன இருந்தால் பயமில்லாமல் இருப்பீர்கள்?" என்று வருகிறவர்களிடம் கேட்பேன். ஒருவர்கூடச் சலாது இலை என்று சொன்னதில்லை. ஃபிரீசரில் கரிபூ மான் இறைச்சி. வெள்ளைமீன். மக்டுக், அதாவது வெள்ளைத் திமிங்கிலத்தின் தோலும் கொழுப்பும். தெற்கத்தியர் முகம் சுளிக்கிற அந்தத் தோலில் விற்றமின் சி இருக்கிறது. தோடம்பழம் கண்ணில் படாத ஊரில் ஆயிரம் வருடமாக மனிதர் பல் முரசு, அதாவது ஈறு, கரையாமல் வாழ்ந்தது சும்மா அல்ல. ஆனால் கரிபூ தானாக ஃபிரீசருக்குள் வந்து படுக்காது. ஸ்கிடூ என்கிற பனி வண்டி வேண்டும், அதற்குப் பெற்றோல், தோட்டா, வேலையிலிருந்து லீவு. சம்பளம் உள்ளவருக்கு நேரம் இல்லை, நேரம் உள்ளவரிடம் பெற்றோலுக்குக் காசு இல்லை. வேட்டைக்காரர் இல்லாத வீட்டில், கணவனை இழந்த பெண்ணின் வீட்டில், பங்கு வந்தால்தான் உண்டு. மான்களும் குறைந்துவிட்டன. கிழக்கே பாதர்ஸ்ட் மந்தை 1986 இல் நாலரை இலட்சத்துக்கு மேல் இருந்தது, 2018 இல் எண்ணியபோது எண்ணாயிரத்துச் சொச்சம். இனுவிக்குப் பக்கத்து மந்தைகளும் சுருங்கி, அரசு வேட்டைக்குக் கட்டுப்பாடு வைத்தது. இனுயிட் மக்கள் பெரும்பான்மையாக வாழும் நுனவுட் பிரதேசத்தில் 2007–2008 இல் செய்த சுகாதாரக் கணக்கெடுப்பில், பள்ளிக்கூடம் போகும் வயது வராத இனுயிட் குழந்தைகளில் ஏறத்தாழ எழுபது வீதத்தினர் போதிய உணவு உறுதியில்லாத வீடுகளில் இருந்தார்கள். அந்தப் பற்றாக்குறையைச் சலாது இலையால் நிரப்ப முடியாது. நூறு கிராமில் பதினைந்து கலோரிதான் இருக்கிறது.

இதைச் சொன்னால் தோட்டக்காரருக்குக் கோபம் வரும். கோபம் நியாயமானதும்தான். 2017 வசந்தத்தில் வெள்ளம் வந்து மனிற்றோபாவின் சேர்ச்சில் ஊருக்கான ஒரே ரயில் பாதையை உடைத்தது. ஒன்றரை வருடம் ரயில் இல்லை. அந்தக் காலத்தில் அங்கே ஒரு கப்பல் கொள்கலனுக்குள் எல்ஈடி வெளிச்சத்தில் வளர்த்த புதுக்கீரை ஊருக்குக் கிடைத்தது. நுனவுட்டில் ஜோவா ஹேவனில் 2019 இல் தொடங்கிய நௌர்விக் என்ற கொள்கலன் தோட்டத்துக்குக் காற்றாலையும் சூரியத் தகடும் வைத்து, ஊர் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து, என்ன வளர்ப்பது என்று ஊராரிடமே கேட்டார்கள். நௌர்விக் என்றால் வளரும் இடம். இந்தக் ‘கேட்டார்கள்’ என்ற சொல்லுக்காகவே எனக்கு அந்தத் திட்டத்தில் மரியாதை. தெற்கிலிருந்து பெட்டியை இறக்கி, ரிப்பன் வெட்டி, படம் எடுத்துவிட்டுப் போனால், முதல் பம்ப் பழுதான அன்றைக்கு அது வெறும் பெட்டி. திருத்துகிறவர் விமானத்தில் வரவேண்டும், வானிலை விடவேண்டும்.

இனுவிக் பசுமைக்குடிலைப் பசி தீர்க்கும் இடமென்று நான் எந்த அறிக்கையிலும் எழுதவில்லை. மேலதிகாரிக்கு அது பிடிக்கவில்லை, பசி என்ற சொல் இருந்தால்தான் நிதி கிடைக்குமாம். இரண்டு கிழமை இழுபறிப்பட்டோம். கடைசியில் அவர் எழுதினார், நான் கையெழுத்துப் போடவில்லை.

தட்டுப் படத்தையும் மாற்றினேன். ஏற்கெனவே 2007 இல் முதற்குடி மக்களுக்கென்று தனி உணவு வழிகாட்டி வந்திருந்தது, காட்டிறைச்சியும் காட்டுப்பழமும் பனொக் ரொட்டியும் அதில் உண்டு. அதைப் பார்த்து, ஜிஜூவிடம் கேட்டுக் கேட்டு, மீனையும் மான் ஈரலையும் நடுவில் வைத்து வரைந்தேன். மரக்கறி ஓரத்துக்குப் போனது, கரட்டும் உறைந்த பட்டாணியுமாக.

செப்டெம்பரில் குடில் பூட்டுகிற கிழமை வந்தது. பழுக்காத தக்காளி, கொஞ்சம் கரட், விதைத்துப்போன மல்லியில் மிஞ்சிய இலை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு ஜிஜூ வீட்டுக்குக் கொண்டுபோனேன். மல்லி இலையை முகர்ந்து பார்த்துவிட்டு, சவர்க்கார மணம் என்று தள்ளி வைத்தார். கரட்டை மண்ணோடு கடித்தார். உள்ளே போய், புகையில் உலர்த்திய வெள்ளைமீன் இரண்டு எடுத்துவந்தார். குறுக்கே குறுக்கே கீறி, வால் மட்டும் சேர்ந்தபடி. எங்கள் ஊர்க் கருவாட்டின் சொந்தக்காரன். குவிச்சினில் நன்றிக்கு ‘மாசி’ என்பார்கள். நான் மாசி சொல்லி மீன் வாங்கினதை அம்மாவுக்குச் சொன்னபோது, "மாசிக் கருவாடு போட்டுச் சம்பலும் இடிச்சிருக்கலாம்" என்றார்.

வாசல் வரை வந்த ஜிஜூ பச்சைத் தக்காளிப் பையை இன்னொரு முறை திறந்து பார்த்தார்.

"வருகிற வருடம் உருளைக்கிழங்கு போடு, மகள்," என்றார். "அது மாரிக்கு நிற்கும்."

அடுத்த மே மாதம் பாத்தி முழுக்க உருளைக்கிழங்கு போட்டேன். முளை வெட்டித் தந்தது அவர். கதவுக்கு வெளியே கதிரை போட்டு இருந்துகொண்டு, ஒவ்வொன்றையும் எந்தப் பக்கம் மேலே வைக்கவேண்டும் என்று கத்திக் கத்திச் சொன்னார்.