இரண்டு வரிக்குள் அடங்காதது

நவம்பர் 11 நெருங்கினால் நான் வேலை செய்த தொலைக்காட்சியில் பழைய யுத்தப் படங்களுக்கு நேரம் ஒதுக்கிவிடுவார்கள். 1918இல் முதலாம் உலகப் போர் ஓய்ந்த நாள் அது. கொழும்பில் விகாரமகாதேவிப் பூங்காவிலுள்ள நினைவுத் தூணில் மலர்வளையம் வைப்பார்கள். இரவில் நாங்கள் படம் போடுவோம். தமிழில் சப்டைட்டில் எழுதுவது என் பொறுப்பு. திரையில் இரண்டு வரிக்குமேல் போகக்கூடாது. தமிழோ நீளும். வெட்டி வெட்டியே இரவு விடிந்துவிடும்.

ஒரு வருடம் 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' வந்தது. 1957இல் வெளியாகி 7 ஒஸ்கார் வாங்கிய படம். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரிடம் சிக்கிய பிரிட்டிஷ் கைதிகள் ரயில் பாலம் கட்டும் கதை. அது நடப்பது தாய்லாந்தில் என்றாலும் பாலத்தைக் கட்டியதும் தகர்த்ததும் நம் கித்துல்கலயில். கொழும்பில் வந்து கடலில் கலக்கிற அதே களனி கங்கைதான். கைதிகள் சீட்டியடித்தபடி அணிவகுத்து வரும் இடத்தில் எழுத ஒன்றுமில்லை. கையைக் கட்டிக்கொண்டு பார்த்தேன். எத்தனை தடவை பார்த்தாலும் சிலிர்க்கும்.

அப்போதுதான் டேப் அறையைப் பார்த்துக்கொள்ளும் அண்ணை பின்னால் வந்து நின்றார். யாழ்ப்பாணத்துக்காரர், அதிகம் பேசமாட்டார்.

"தம்பி, உந்தப் படத்திலை எங்கட ஆக்கள் எங்கை?"

அவருடைய அம்மா மலாயாவில் பிறந்தவர். அம்மாவின் அண்ணனை ஜப்பானியர் சயாம் ரயில்பாதை வேலைக்குக் கொண்டுபோனார்கள். சயாம் என்றால் தாய்லாந்து; படத்தில் வருகிற பாலம் அந்தப் பாதைக்குத்தான். திரும்பவில்லை. 1942, 43இல் 415 கிலோமீற்றர் தண்டவாளம் காட்டை வெட்டிப் போடப்பட்டது. இறந்த நேசநாட்டுக் கைதிகள் 12,000க்கும் மேல். ஆசியத் தொழிலாளர்கள் அதைவிடப் பல மடங்கு. காலராவும் பட்டினியும் அடியும் கொன்றன. மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர் ஏராளம். படத்தில் பாலம் கட்டுவது வெள்ளைக் கைதிகள். நான் அந்தப் படத்தை அதற்கு முன் நாலைந்து தரம் பார்த்திருக்கிறேன். ஒருநாளும் அந்தக் கேள்வி எனக்கு வரவில்லை. அது இன்றைக்கும் உறுத்துகிறது.

படத்தில் இல்லாததைச் சப்டைட்டிலில் எழுத முடியாது. சரி, படத்துக்கு முன் அறிவிப்பாளர் பேச அரை நிமிடம் இருக்கிறதே? பொறுப்பாளர் முதலில் வேண்டாம் என்றார். பிறகு, "நீளாமல் பாத்துக்கொள்ளும்" என்று விட்டுவிட்டார்.

நாலு வரி எழுதி அண்ணையிடம் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, தாளைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து வாசித்தார். 'கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்ட தமிழர்கள்' என்று எழுதியிருந்தேன். என் பேனாவை வாங்கி முதல் சொல்லை வெட்டினார்.

"தண்டவாளம் போட்டவை எண்டு எழுது."

அன்றிரவு அறிவிப்பாளர் அப்படியே வாசித்தார். டியூட்டி முடிந்தும் அண்ணை வீட்டுக்குப் போகவில்லை. மொனிட்டருக்கு முன்னால் நின்றபடியே கேட்டார். படம் தொடங்கியதும் டேப் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.