ஒரு தாண்டு தூரம்

நவம்பர் 9
மருத்துவமனையில் இன்றிலிருந்து எண்ணிக்கொள்ளச் சொன்னார்கள். குறைந்தது நான்கு வாரம். அக்கா இருப்பது மூன்றாம் மாடி, இடமிருந்து ஐந்தாவது ஜன்னல். கார் நிறுத்துமிடத்தில் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றால் தெரிகிறது.

நவம்பர் 10
அக்கா கையசைத்தாள். நானும் அசைத்தேன்.

நவம்பர் 12
கீழ்வீட்டுப் பாட்டி கதவைத் தட்டினார். எண்பதைத் தாண்டியவர், இன்னும் கார் ஓட்டுகிறார். நான் நாள் முழுக்கத் தலையைத் தூக்கிக்கொண்டு நிற்பதை யாரோ சொல்லியிருக்கிறார்கள். "கோட்டை மாட்டிக்கொள்ளுங்கள், எங்கள் ஊரைக் காட்டுகிறேன்" என்றார். ஹோஃப் நகரத்திலிருந்து வடக்கே, அரைமணி நேரம்கூட ஆகவில்லை. ஏற்றமும் இறக்கமுமாக உழுத வயல்கள், ஓரங்களில் கறுப்பாக ஊசியிலைக் காடு. இந்தப் பக்கத்தை 'பவேரியாவின் சைபீரியா' என்பார்களாம். நவம்பரிலேயே காது விறைத்துப்போனது.

அவர் பிறந்தது டெப்பனில். காட்ட அழைத்துப்போனது அடுத்திருக்கும் மெட்லாரொய்டை. ஐம்பது பேர்கூட இருக்க மாட்டார்கள். நடுவில் டன்பாக் என்று ஓர் ஓடை. ஓடை என்பதே பெரிய வார்த்தை. வாய்க்கால். தெற்குக் கரை பவேரியா மாநிலம், வடக்குக் கரை தூரிங்கியா, முன்பு கிழக்கு ஜெர்மனி. இதற்குக் குறுக்கேயா வேலியும் சுவரும் கட்டினார்கள் என்று கேட்டேன். "குறுக்கே இல்லை, நெடுக" என்று திருத்தினார்.

நவம்பர் 13
கையசைத்தாள். வலது கை. இடது கையில் ஊசிக்குழாய் இருக்கும்போல.

நவம்பர் 15
தூக்கம் வரவில்லை. படித்துக்கொண்டிருந்தேன். 'ரொய்ட்' என்றால் காடு வெட்டித் திருத்திய நிலம். பைரொய்ட் என்ற ஊரின் பெயரில் இருப்பதும் அதே ரொய்ட். யாரோ மரங்களை வெட்டினார்கள், வேரைப் பிடுங்கினார்கள், ஓடைக்கு இரண்டு பக்கமும் குடியேறினார்கள். அவர்களுக்கு அது தண்ணீர். 1810இல் நெப்போலியனிடமிருந்து பைரொய்ட் சீமையைப் பவேரியா வாங்கியது. ஓடையோரம் எல்லைக்கல் நட்டார்கள், ஒரு பக்கம் பவேரிய அரசு, மறுபக்கம் ரொய்ஸ் சிற்றரசு. கல் நட்டார்களே தவிர யாரும் எதையும் மாற்றிக்கொள்ளவில்லை. பள்ளிக்கூடமும் மதுக்கடையும் தூரிங்கியப் பக்கம். தேவாலயம் டெப்பனில், பவேரியாவில். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கத்துக்காரர்கள் இங்கே வந்து கும்பிட்டார்கள், அப்புறம் எல்லோரும் அங்கே போய்க் குடித்தார்கள். நூற்றுமுப்பது வருடத்துக்கும் மேலாக இப்படியே. நல்ல ஏற்பாடு.

நவம்பர் 17
இரத்த அணுக்கள் இன்னும் இறங்கவில்லை. இறங்கினால்தான் ஏறும் என்கிறார்கள். இறங்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வதா?

நவம்பர் 18
மறுபடி போனோம். நானேதான் கேட்டேன்.

இன்று பாட்டி அதிகம் பேசினார். 1952இல் கிழக்கு ஜெர்மனி எல்லையை மூடியது. எல்லையிலிருந்து 5 கிலோமீட்டர் அனுமதிச் சீட்டு இல்லாமல் நுழைய முடியாத பகுதி, கடைசி 500 மீட்டருக்கு இன்னும் கெடுபிடி, கடைசி 10 மீட்டர் மரமோ புல்லோ இல்லாமல் உழுதுபோட்ட மண், காலடி பதிந்தால் தெரியும்படி. 'நம்பத் தகாதவர்கள்' என்று முத்திரை விழுந்த குடும்பங்களை லாரியில் ஏற்றி உள்நாட்டுக்கு அனுப்பினார்கள். ஊருக்கு நடுவில் முதலில் வந்தது ஆள் உயரத்துக்கும் மேலான பலகை வேலி. அப்புறம் முள்கம்பி. 1966இல் கான்கிரீட் சுவர், 700 மீட்டர் நீளம், 3 மீட்டருக்கும் மேல் உயரம்.

பாட்டிக்கு ஒரு சித்தி அந்தப் பாதியில் வாழ்க்கைப்பட்டிருந்தார். இந்தப் பக்கத்து மேட்டில் ஏறி நின்றால் சித்தி வீட்டு மாடி ஜன்னல் தெரியும். இங்கிருந்து கையசைக்கலாம். அங்கிருந்து அசைக்கக் கூடாது. கையசைப்பதும் வணக்கம் சொல்வதும் அந்தப் பக்கத்தில் தடை. "சித்தி என்ன செய்வார்கள்?" என்று கேட்டேன்.
"நிற்பாள்."
"வேறு ஒன்றும் செய்ய மாட்டார்களா?"
"நின்றால் போதாதா?"

கொஞ்சம் எரிச்சலாகச் சொன்னமாதிரி இருந்தது. திரும்பும் வழியில் வானொலி கேட்டுக்கொண்டே வந்தோம்.

நவம்பர் 19
இன்று ஜன்னலில் யாரும் இல்லை. நாற்பது நிமிடம் நின்றேன்.

நவம்பர் 20
காய்ச்சலாம். எதிர்பார்த்ததுதான் என்று செவிலியர் சொன்னார். அந்த 'எதிர்பார்த்ததுதான்' என்ற சொல்லை ஜெர்மனில் எவ்வளவு சாதாரணமாகச் சொல்ல முடிகிறது.

நவம்பர் 22
39.2. அம்மாவிடம் 38 என்றேன்.

நவம்பர் 24
ஜன்னல் காலி. நின்றால் போதாதா என்று கேட்டாரே. போதும் பாட்டி. நிற்கக்கூட வேண்டாம், திரைச்சீலை அசைந்தால் போதும்.

நவம்பர் 26
காய்ச்சல் இறங்கிவிட்டது! ஏழு மணிக்கு வந்து நின்றாள், தலையில் ஏதோ குல்லாய். கையசைக்கவில்லை. நின்றாள்.

நவம்பர் 27
தெம்பு வந்ததில் தனியாக டாக்ஸி பிடித்து மெட்லாரொய்ட் போனேன். வீண் செலவு. அருங்காட்சியகத்துக்காக ஏறக்குறைய 100 மீட்டர் சுவரையும் ஒரு காவல் கோபுரத்தையும் விட்டுவைத்திருக்கிறார்கள். அமெரிக்கச் சிப்பாய்கள் இந்த ஊருக்கு வைத்த பெயர் 'குட்டி பெர்லின்'. 1983இல் துணை அதிபர் புஷ்ஷே வந்து பார்த்துவிட்டுப் போனாராம். பார்க்க வருகிறவர்களுக்கு என்ன, பார்த்துவிட்டுப் போய்விடலாம். 1973 மே மாதம் ஒருவர் சுவரோரம் வேனைக் கொண்டுவந்து நிறுத்தி, தானே செய்த ஏணியை வைத்து ஏறிக் குதித்துத் தப்பினார். அந்த ஆளைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். ஏணி செய்யும்போது 3 மீட்டர் என்பதை எப்படி அளந்திருப்பார்? கண்ணாலா?

ஓடையைத் தாண்டிப் பார்க்கலாம் என்று தோன்றியது. பாலம் இருக்கிறது, வேண்டாத வேலை. ஒரே தாண்டு. பவேரியாவிலிருந்து கிளம்பிய இடது கால் தூரிங்கியாவுக்குப் போய்ச் சேர்ந்தது, வலது கால் சேரவில்லை. முட்டிவரை சேறு. ஒரு கிழவர் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தார், தலையாட்டினார், உள்ளே போய்விட்டார். டாக்ஸிக்காரர் இருக்கையில் செய்தித்தாள் விரித்த பிறகுதான் ஏற்றிக்கொண்டார்.

நவம்பர் 30
அணுக்கள் ஏற ஆரம்பித்திருக்கின்றன. ஏறுகின்றன! காகிதத்தில் எழுதி வைத்திருக்கிறேன், எத்தனை முறை பார்த்தாலும் அதே எண்.

டிசம்பர் 1
பாட்டி சொன்னது: ஊர் ஒன்றானாலும் நிர்வாகம் ஒன்றாகவில்லை. தெற்குப் பாதி டெப்பனோடு, வடக்குப் பாதி கெஃபெல் நகரத்தோடு. அஞ்சல் குறியீடு வேறு, தொலைபேசிக் குறியீடு வேறு, வண்டியின் எண் பலகை வேறு. அக்டோபர் 31 சீர்திருத்த நாளுக்கு ஓடைக்கு அந்தப் பக்கம் விடுமுறை, மறுநாள் புனிதர் அனைவர் நாளுக்கு இந்தப் பக்கம் விடுமுறை. வணக்கம் சொல்ல இங்கே 'கிரூஸ் காட்', அங்கே 'கூட்டன் டாக்'. எதற்காக ஒன்றாக்க வேண்டும், 1810இலிருந்து அப்படித்தானே என்கிறார். எல்லை இருப்பதில் அவருக்கு வருத்தமே இல்லை. சுவர்தான்.

டிசம்பர் 3
இது எனக்கு இவ்வளவு நாள் தோன்றவே இல்லை. பெர்லினில் சுவர் திறந்தது 1989 நவம்பர் 9. மெட்லாரொய்டில் மக்கள் நடந்து கடக்க வழி திறந்தது டிசம்பர் 9. நடுவில் ஒரு மாதம். ஒரு மாதம் தொலைக்காட்சியில் உலகமே சுவர்மேல் ஏறி ஆடுகிறது, இவர்கள் வீட்டு வாசலில் சுவர் அப்படியே நிற்கிறது. ஆட்டோபான் நெடுஞ்சாலையின் எல்லைச் சாவடி வழியாகச் சுற்றிக்கொண்டு வரலாம், வந்தார்கள். எதிர்வீட்டுக்குப் போக அவ்வளவு சுற்று. "அந்த ஒரு மாதம்தான் முந்தைய முப்பத்தேழு வருடத்தைவிட நீளம்" என்றார் பாட்டி. முழுதாக நம்பவில்லை, ஆனாலும் கேட்டுக்கொண்டேன். நான்கு வாரமும் ஒன்பதாம் தேதியும் நாள்காட்டியில் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் வருகின்றன. இதில் ஒன்றும் இல்லை. தெரியும்.

டிசம்பர் 4
சித்தி அந்த வழி திறந்ததைப் பார்த்தாரா என்று கேட்டேன். பேச்சை மாற்றிவிட்டார்.

டிசம்பர் 6
வாசலில் காயவைத்த ஷூவுக்குள் சாக்லேட், வால்நட், ஓர் ஆரஞ்சு. இன்று நிக்கோலாஸ் தினமாம். சேறு இன்னும் முழுசாகப் போகவில்லை, சாக்லேட் காகிதத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

டிசம்பர் 8
அறையை மாற்றிவிட்டார்கள். கட்டடத்தின் பின்பக்கமாம். ஏன் என்று கேட்டதற்கு மருத்துவர் நாளை பேசுவார் என்றார்கள். குரலில் ஒன்றும் பிடிபடவில்லை. நாளை காலை மெட்லாரொய்ட் போகலாமா, ஒன்பதாம் தேதிதானே என்கிறார் பாட்டி. வரவில்லை என்றுவிட்டேன். முதலில் பின்பக்கம் போய் எத்தனையாவது ஜன்னல் என்று எண்ண வேண்டும்.